நிலவளங் கண்ட லீபிக்

உலகில் மக்கள் பெருகுமளவிற்கு உணவும் பெருகுமோ என்னும் ஐயம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்து தேசத்துப் பாதிரியாராகிய மால்தஸ் என்பார் 1798-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் இரட்டித்து இரட்டித்துப் பெருகுவர், விளைவோ படிப்படியாகவே உயரும், ஆதலின் பஞ்சமும் கொள்ளைநோயும் வந்தே இவ்விரண்டையும் சமன்படுத்தும் என்று அதிற் கணக்கிட்டுக் காட்டினார். அந்நாளில் உலக மக்கள் ஏறக்குறைய 100 கோடி. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அத்தொகை 800 கோடியை எட்டியது. பசி என்பது உலகைவிட்டு முற்றும் அகன்றுவிட்டதென்று சொல்வதற்கில்லை. எனினும் எட்டு மடங்கான மக்களுக்கு இப்பூமியே உணவு விளைத்து வருகின்றது. மால்தஸ் பாதிரியாரின் கணக்கு எங்கே பிழைத்தது? நிலத்தின் விளைவு படிப்படியாக உயர்வதென்னும் எல்லையைக் கடவாது என்று அவர் கொண்டதே பிழை. அவ்வெல்லையைத் தகர்த்தோர் பலர். அவருள் முன்னணியில் நிற்பவர் ஜெர்மனி தேசத்து ரசாயன சாஸ்திரியாகிய ஜஸ்டஸ் லீபிக். இவர் ஏர் பிடித்தவரல்லர்; உழவர் குடியிற் பிறந்தவருமல்லர். நிலத்திற்கும் பயிருக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலைக் கணக்கெழுதிக் காட்டிய முறையில் உழவர்க்கெல்லாம் ஆசானாயினார்.

லீபிக் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி டார்ம்ஸ்டாட் என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் வண்ணப்பொடி, மெருகெண்ணெய், உப்பு வகைகள் முதலியவற்றை விற்கும் ஒரு சிறு வியாபாரி. விற்கும் சரக்கிற் பலவற்றைத் தாமே காய்ச்சியும் வடித்தும் செய்துகொள்வார். அந்தப் பட்டறையே மகனாருக்கு முதற் பள்ளிக்கூடமாயிற்று. அவ்வூர் அரண்மனைப் புத்தகசாலையில் இருந்த ரசாயன நூல்களை இரவல் வாங்கி, வரிசை பாராமல், கைக்கு எட்டியதையெல்லாம் படித்தார். படித்ததைத் தந்தையின் பட்டறையிற் செய்தும் பார்த்தார். சந்தையில் ஒரு வித்தைக்காரன் வெடிவெள்ளியென்னும் பொருளைச் செய்து பட்டாசு விற்றதைக் கூர்ந்து நோக்கி, அதன் செய்முறையைத் தாமே கண்டுகொண்டார். பள்ளிப்படிப்போ அவருக்கு ஏறவில்லை. மொழிப் பாடங்களிற் கடைசி இடத்திலிருந்த இப்பையனை ஆசிரியர் ஒருநாள் கடிந்து, நீ என்னவாகப் போகின்றாய் என்று வினவ, ரசாயன சாஸ்திரியாவேன் என்று இவர் விடையிறுத்தார். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அக்காலத்தில் அப்படியொரு பிழைப்பு உண்டென்பதை ஒருவரும் அறியார்.

இவருக்குப் பதின்மூன்று வயது நடக்கையில், 1816-ஆம் ஆண்டில், ஐரோப்பாவிற்கு வேனிற்காலமே வரவில்லை. முந்தின ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜாவாவிற்குக் கிழக்கேயுள்ள ஒரு தீவில், தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதன் தூசு வானத்தை மூடியதனால் உலகெங்கும் பருவம் தவறியது. தென்மேற்கு ஜெர்மனியில் ஆனி, ஆடியிலும் குளிர் நீங்காது மழை பெய்துகொண்டேயிருந்தது. கோதுமை முற்றவில்லை, உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த ஆண்டு வசந்தத்திற்குள் தானிய விலை ஏழைகளின் கைக்கெட்டாது உயர்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடு நிலங்களை விற்று அமெரிக்காவிற்கும் ருஷியாவிற்கும் புறப்பட்டன. எங்கோ கடல்கடந்த மலையொன்று வெடித்ததற்கு இங்கே குடியானவன் அடுப்பு அணைந்தது. விளைவு எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகின்றதென்பதை அத்தலைமுறையார் மறந்திலர். லீபிக் பிற்காலத்தில் உணவையே தம் ஆராய்ச்சியின் நடுப்பொருளாகக் கொண்டதற்கு இவ்விளமைக் காட்சியும் ஒரு காரணமாயிருத்தல் கூடும்.

பள்ளியை விட்ட மகனைத் தந்தையார் ஹெப்பன்ஹைம் என்னும் ஊரில் ஒரு மருந்துக்கடையிற் பயிற்சிக்கு விட்டார். சில மாதங்களிலேயே பையன் வீடு திரும்பினான். மேல்மாடத்தில் வெடிமருந்து சோதித்துக் கூரையைப் பெயர்த்துவிட்டான் என்று ஊரார் சுவையாகக் கதை சொல்வதுண்டு. பயிற்சிப் பணம் கட்டத் தந்தையாருக்கு வசதியில்லாமற் போனதே மெய்க்காரணம் என்பர் வரலாற்றாசிரியர். பின்னர்த் தந்தையாருக்குப் பழக்கமான காஸ்ட்னர் என்னும் பேராசிரியரை அண்டி, பான் நகரிலும் எர்லாங்கன் நகரிலும் பயின்றார். அங்கே மாணவர் கலகமொன்றிற் சிக்கி ஊரைவிட்டு வரவேண்டிய நிலை நேர்ந்தது. எனினும் ஹெஸ்ஸே நாட்டுப் பெருங்கோமான் இவர்மீது நம்பிக்கை வைத்துப் பொருளுதவி செய்ய, 1822-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திற் பாரிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார். அந்நாளில் ரசாயனத்திற்குத் தலைநகரம் அதுவே. இவருடைய வெடிவெள்ளி ஆராய்ச்சி அந்நகரத்து விஞ்ஞானக் கழகத்தின்முன் படிக்கப்பட்டபோது, அங்கிருந்த ஹம்போல்ட் என்னும் பேரறிஞர் இவர் திறமையை உணர்ந்து, கே-லூஸாக் என்னும் மாமேதையிடம் இவரைச் சேர்ப்பித்தார். அந்த ஹம்போல்ட்டின் பரிந்துரையினாலேயே 1824-ஆம் ஆண்டில், இருபத்தோராவது வயதில், கீஸன் என்னும் சிற்றூர்ப் பல்கலைக்கழகத்தில் இவருக்கு உத்தியோகம் கிடைத்தது. வகுப்பிற் கடைசியாக உட்கார்ந்தவர் ஆசிரியப் பீடத்தில் அமர்ந்தார்.

கீஸனில் இவருக்குக் கிடைத்த இடம், படையினர் காலிசெய்துபோன பாளையத்தின் காவற்கூடம். அதனையே ஆராய்ச்சிசாலையாக்கினார். அதுவரை ரசாயனம் என்பது ஆசிரியர் செய்துகாட்ட மாணவர் பார்த்திருக்கும் வித்தையாகவே பெரும்பாலும் இருந்தது. லீபிக் ஒவ்வொரு மாணவன் கையிலும் கருவியைக் கொடுத்தார். 1831-இல் ஐந்து கண்ணாடிக் குமிழ்களை முக்கோணமாக இணைத்து ஒரு சிறு கருவி செய்தார். எரித்த பொருளினின்றும் எழும் கரியமில வாயுவைப் பிடித்து நிறுத்துச் சொல்ல அது உதவியது. முன்பு பேராசிரியர்கள் பல மாதம் வருந்திச் செய்த பகுப்பை அதன்பின் தேர்ச்சிபெற்ற மாணவன் ஒரே நாளிற் செய்தான். ஐரோப்பா முழுவதிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் இளைஞர் வந்து அச்சிறு கட்டடத்தில் நெருங்கினர். ஹாப்மன், பிரெஸீனியஸ், வூர்ட்ஸ் முதலாய பிற்கால மேதையர் பலர் அங்கு உருவாயினோரே. அவர் கூட்டத்திற் கில்பர்ட் என்னும் ஆங்கில இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க. குருவிற்கே பாடம் சொன்ன சீடர் அவர்.

இங்ஙனம் பொருள்களைப் பகுத்து நிறுக்கும் கலையில் தேர்ந்தவர் பயிரின் பக்கம் திரும்பியது 1837-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று வந்த பின்னரே. அக்காலத்து ஐரோப்பிய உழவர்களும் அவர்க்கு வழிகாட்டிய டேயர் முதலிய அறிஞர்களும், பயிர் உண்பது மட்கிய தழையையும் சாணத்தையுமே என்று நம்பினர். கறுத்த மக்கே பயிருக்குச் சோறு. மற்றவை துணைக்கறி போலும் என்பது அவர் கொள்கை. லீபிக் தராசைக் கையில் எடுத்தார். ஒரு காணி காட்டில் ஆண்டுதோறும் வளரும் மரத்தில் இவ்வளவு கரியிருக்கின்றது; அக்காட்டிற்கு எவரும் எரு இடுவதில்லை; மண்ணிலுள்ள மக்கோ ஆண்டுக்காண்டு குறையாமற் கூடுகின்றது. அங்ஙனமாயின் கரி வந்தது எங்கிருந்து? காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தேயென்று முந்தைய ஆராய்ச்சியாளர் சிலர் சோதித்து வைத்திருந்தனர். அவர் கண்டதை லீபிக் யாரும் மறுக்கவொண்ணாத கணக்காக்கிக் காட்டினார்.

1840-ஆம் ஆண்டில் ரசாயனத்தை உழவிற்குப் பொருத்திக் காட்டும் அவருடைய நூல் வெளிவந்தது. தமக்கு வாழ்வளித்த ஹம்போல்ட்டிற்கே அதனை உரிமையாக்கினார். நூலின் சாரம் இதுவே. பயிர் கரியைக் காற்றிலிருந்தும், நீரை மழையிலிருந்தும் பெறும். ஆயின் பயிரை எரித்தால் எஞ்சும் சாம்பல் எங்கிருந்து வந்தது? பொட்டாஷ், பாஸ்பரஸ், சுண்ணாம்பு முதலிய உப்புக்கள் மண்ணிலிருந்தல்லது வேறெங்கிருந்தும் வருதற்கில்லை. ஒவ்வொரு வண்டி நெல்லோ கோதுமையோ வயலைவிட்டுச் சந்தைக்குப் போகும்போது அவ்வளவு உப்பு மண்ணைவிட்டுப் போகின்றது. எடுத்ததைத் திருப்பி வையாவிடின் நிலம் ஒருநாள் வெறுமையாகும். எதை எவ்வளவு வைக்கவேண்டும் என்பதைப் பயிரின் சாம்பலே சொல்லும். மேலும், பல சத்துக்களுள் எது மிகக் குறைவோ அதுவே விளைவின் அளவை நிருணயிக்கும். ஒன்று குறைந்திருக்க மற்றவற்றைக் கொட்டிக் குவித்தும் பயனில்லை. இதனைப் பிற்காலத்தார் ஒரு மரப்பீப்பாய் கொண்டு விளக்குவர். பலகைகளுள் எது குட்டையோ அதன் விளிம்பு வரையில்தானே தண்ணீர் நிற்கும்!

நம் நாட்டுக் குடியானவர் இதனைக் கேட்டு வியப்பதற்கு அதிகமில்லை. வயலில் ஆட்டுக்கிடை கட்டுவதும், ஏரி வண்டலை வாரி அடிப்பதும், அடுப்புச் சாம்பலைக் கொல்லைக்கு இறைப்பதும் அவர் கைகண்ட முறைகள். அவற்றாற் பயிர் செழிக்கும் என்பது அவர்க்குத் தெரியும். ஏன் செழிக்கும் என்பதே தெரியாதிருந்தது. காரணம் தெரிந்தாலன்றோ சாணமில்லாத இடத்தில் வேறு எதனை இடுவது என்று எண்ண இயலும்! லீபிக் அளித்தது அந்தக் காரணமே. அதனால்தான் கட்டித் தங்கத்தினும் மேலாக எலும்பும், பாறையும், உப்புக் கனியும், கடற்பறவை எச்சமும் உரப்பொருளாகத் தேடப்பட்டன.

உண்மையை மறையாது ஒன்று சொல்லவேண்டும். மண்ணின் உப்புக்களே பயிருணவு என்பதையும், குறைந்த சத்தே விளைவை அடக்கும் என்பதையும் லீபிக்கிற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே ஸ்பிரெங்கல் என்னும் மற்றொரு ஜெர்மானியர் எழுதியிருந்தார். அவர் அடக்கமானவர், எழுத்தும் எல்லார்க்கும் எட்டுவதன்று. லீபிக்கோ பேனாவை வாளாகப் பிடிப்பவர். உலகம் உரக்கச் சொன்னவர் பக்கமே திரும்பியது. நெடுங்காலம் கழித்தே ஜெர்மனியின் உழவாராய்ச்சி நிலையங்களின் சங்கத்தார் இருவர் பெயரையும் சேர்த்து ஸ்பிரெங்கல்-லீபிக் பதக்கம் என ஒன்றை ஏற்படுத்தி அவ்வநீதிக்கு ஒருவாறு ஈடு செய்தனர். முன்னோர் பெயரைச் சொல்லுவதில் லீபிக் தாராளமாயிருந்திலர் என்பது அவர் வாழ்விலுள்ள ஒரு குறையே.

இனி அவர் வாழ்வில் நேர்ந்த பெருந்தோல்வியைக் கூறுவோம். கொள்கை வெளிவந்து ஐந்தாண்டு கழிந்தபின், 1845-ஆம் ஆண்டில், தம் கணக்கின்படி உரம் செய்து விற்க முற்பட்டார். லிவர்பூல் நகரத்துத் தொழிலதிபரும் நண்பருமான மஸ்பிராட் அதனைச் செய்து தரும் பொறுப்பேற்றார். ஒவ்வொரு பயிரின் சாம்பலுக்கும் ஏற்ப ஒவ்வொரு கலவை. கணக்கில் ஒரு குறையுமில்லை. ஆயின் லீபிக்கின் உள்ளத்தில் ஓர் அச்சமிருந்தது. நீரிற் கரையும் உப்பை வயலில் இட்டால் முதல் மழையே அதனை அடித்துக்கொண்டு போய்விடாதோ? அதனைத் தடுக்கவேண்டி, பொட்டாஷைச் சுண்ணாம்போடும் பாஸ்பரஸ் பொருளோடும் உலையிலிட்டு உருக்கி, எளிதிற் கரையாத கண்ணாடிபோன்ற பொருளாக்கி அனுப்பினார். உலகப் புகழ் பெற்ற பேராசிரியரின் உரமென்று ஆங்கில நிலக்கிழார்கள் விலை கொடுத்து வாங்கி இட்டனர். அறுவடை வந்தது. உரமிட்ட வயலுக்கும் இடாத வயலுக்கும் வேற்றுமை காண்பது அரிதாயிற்று. மழை கொண்டுபோகாதபடி செய்த உப்பை வேரும் எடுத்துக்கொள்ள முடியவில்லை! மஸ்பிராட்டிற்குப் பெரும் பணநஷ்டம். உழவர் நகைத்தனர், பத்திரிகைகள் ஏளனம் செய்தன.

வேறொருவராயின் வயலை மறந்து ஆராய்ச்சிசாலைக்குள் ஒளிந்திருப்பர். லீபிக் கீஸனுக்கு வெளியே வளமற்ற ஒரு மணல்மேட்டை வாங்கித் தம் உரத்தைத் தாமே இட்டுப் பயிர் செய்யத் தொடங்கினார். சாணம் சிறிதும் இடாத அம்மேடு மெல்ல மெல்லச் சில ஆண்டுகளில் விளைநிலமாயிற்று. கொள்கை பொய்யன்று, ஏதோ ஒன்று உரத்தைக் கட்டிப்போட்டிருக்கின்றது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அந்த ஒன்று இன்னதென்பதை இங்கிலாந்தில் வேறு இருவர் கண்டனர். தாம்ஸன் என்னும் நிலக்கிழார் மண் நிரப்பிய குழாயின் மேலே அம்மோனிய உப்புக் கரைசலை ஊற்றினார். கீழே வடிந்த நீரில் அம்மோனியா பெரும்பாலும் இல்லை. அதற்கு மாறாகச் சுண்ணாம்புச் சத்தே வெளிவந்தது. வே என்னும் ரசாயனி அதனை விரிவாகச் சோதித்து 1850-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மண் வெறும் சல்லடையன்று. கரைந்து வரும் சத்தைத் தன் துகள்மேற் பிடித்துக்கொண்டு, தன்னிடமுள்ள வேறொன்றை விடுவிக்கும் பண்டசாலை அது. பொட்டாஷும் அம்மோனியாவும் மழையில் எளிதில் ஓடிப்போவதில்லை. லீபிக் அஞ்சியதற்கு இடமேயில்லை. அவர் செய்த உபாயமே அவருக்குப் பகையாயிற்று.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. பயிருக்கு வேண்டும் நைட்டிரஜன் சத்தை மழையோடு இறங்கும் அம்மோனியாவே போதியவளவு தரும், உழவன் அதற்குத் தனியே செலவிட வேண்டுவதில்லை என்று லீபிக் சாதித்தார். அங்கேதான் முற்கூறிய கில்பர்ட் வருகின்றார். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட் மாவட்டத்து ராதம்ஸ்டெட் என்னும் ஊரின் நிலக்கிழார் லாஸ் என்பவர், எலும்பைக் கந்தகத் திராவகத்திற் கரைத்துச் செய்யும் உரத்திற்கு 1842-இல் உரிமைச்சீட்டுப் பெற்று, ஆலை வைத்துப் பெரும்பொருள் ஈட்டியவர். எலும்பைத் திராவகத்திலிடலாம் என்று 1840-ஆம் ஆண்டு நூலில் லீபிக்கும் கூறியிருந்ததனால் இருவர்க்கும் முதலிலிருந்தே மனத்தாங்கல். லாஸ் 1843-இல் கில்பர்ட்டைத் துணைக்கொண்டு, பிராட்பாக் என்னும் வயலை நீண்ட பட்டைகளாகப் பிரித்து, ஒரு பட்டைக்கு ஒன்றும் இடாமலும், ஒன்றிற்குத் தொழுவெருவும், ஒன்றிற்கு உப்புச் சத்து மட்டும், ஒன்றிற்கு அவ்வுப்போடு அம்மோனியாவும் எனப் பிரித்திட்டு, ஆண்டுதோறும் கோதுமையே விதைத்து வந்தார். உப்பு மட்டும் பெற்ற பட்டை ஒன்றுமிடாத பட்டையை விடச் சிறிதே மேம்பட்டது. அம்மோனியாவும் சேர்ந்த பட்டையோ தொழுவெரு மலையாகக் கொட்டிய பட்டைக்கு நிகராக விளைந்தது. ஆண்டுகள் பல கழிந்தும் இம்முடிவு மாறவில்லை.

லீபிக் எளிதில் ஒப்பவில்லை. எதிரிகளைக் கடுஞ்சொல்லால் தாக்கினார். பழைய சீடரையும் விட்டிலர். வோலர் என்னும் மற்றொரு ரசாயன மேதை அவருக்கு வாழ்நாள் நண்பர். குணத்தில் இருவரும் நீரும் நெருப்பும். அவர் முன்பே ஒரு கடிதத்தில், இன்னும் சில பத்தாண்டிற்குள் நாம் மண்ணோடு மண்ணாகிவிடுவோம், அப்போது நீ யாரோடு ஏன் சண்டையிட்டாய் என்று எவன் கேட்கப் போகின்றான், உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்னும் கருத்தில் அறிவுரை எழுதியிருந்தார். லீபிக் அதனைப் பின்பற்றியதாகத் தெரியவில்லை. ஆயினும் 1862-ஆம் ஆண்டில் தம் நூலின் ஏழாம் பதிப்பை வெளியிடும்போது, உரத்தைக் கரையாமற் செய்தது தம் தவறு என்பதைப் பலரறிய எழுதினார். மண்ணிற்குப் படைத்தவன் முன்னமே அளித்திருந்த காப்பை அறியாது, அவன் வேலையைத் திருத்தப் புகுந்து அபசாரம் செய்தேன், அதற்குரிய தண்டனையும் பெற்றேன் என்பது அவர் உரைத்ததன் கருத்து. ஐம்பத்தொன்பது வயதில், பிரபுப் பட்டம் பெற்று, அரசர்களும் மதிக்கும் நிலையிலிருந்த ஒருவர் இங்ஙனம் எழுதுவது எளிதன்று. நைட்டிரஜன் விஷயத்தில் அவ்வளவு வெளிப்படையாக இறங்கி வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

1852-இல் பவேரியா மன்னர் அழைப்பிற்கிணங்கி மியூனிச் நகருக்குக் குடியேறிய பின் உழவோடு சமையலறையிலும் அவர் கவனம் சென்றது. மஸ்பிராட்டின் மகளார் இவர் வீட்டில் விருந்தினராயிருந்தபோது கடுநோயுற்று உணவு இறங்காமற் கிடக்க, கோழியிறைச்சியினின்று ஒரு சாறு பிழிந்து கொடுத்துப் பிழைப்பித்தார் என்பர். இறைச்சிச் சாற்றைப்பற்றி 1847-இலேயே எழுதியிருந்தார். 1865-இல் இவர் பெயராலேயே ஒரு கம்பெனி தோன்றி, தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் பிரே பெண்டாஸ் என்னுமிடத்திற் சாறு காய்ச்சி உலகெங்கும் அனுப்பிற்று. அச்சாற்றில் உடலை வளர்க்கும் சத்து அதிகமில்லையென்று பின்னர்த் தெரிந்தது. தாய்ப்பாலில்லாக் குழந்தைகளுக்கு மாவும் முளைதானிய மாவும் பசும்பாலும் சேர்த்து இவர் வகுத்த கஞ்சி, இக்காலத்துக் குழந்தையுணவு டப்பாக்களுக்கெல்லாம் பாட்டன். இவற்றை இவ்வளவோடு நிறுத்துவோம்.

முதுமையில் அவர் மனத்தை அரித்த கவலை வேறு. தம் காலத்து ஐரோப்பிய உழவைக் கொள்ளையுழவு என்று பெயரிட்டு அழைத்தார். நாட்டுப்புறத்து வயல்களின் சத்து தானியமாகவும் இறைச்சியாகவும் லண்டன் முதலிய நகரங்களுக்குச் செல்கின்றது. அங்கே அது கழிவாகிச் சாக்கடை வழியே கடலிற் கலக்கின்றது. ஒரு பிடியும் திரும்புவதில்லை. இழந்ததற்கு ஈடாக இங்கிலாந்து ஐரோப்பாவின் பழைய போர்க்களங்களைத் தோண்டி மனித எலும்பையும் விடாது அள்ளிச் செல்கின்றது என்று சினந்தெழுதினார். பெருவின் தீவுகளில் மலைபோற் குவிந்த பறவை எச்சமும் ஒருநாள் தீருமென எச்சரித்தார். அங்ஙனமே சில பத்தாண்டுகளில் அது பெரும்பாலும் தீர்ந்தது. லண்டன் நகரின் கழிவுநீரை வயல்களுக்குத் திருப்பும்படி அந்நகரத் தலைவருக்கு எழுதியும் பார்த்தார். சீனத்து உழவர் நகரக் கழிவை ஒன்றும் வீணாக்காது நிலத்திற்கே சேர்ப்பதை எடுத்துக்காட்டிப் புகழ்ந்தார். லண்டனில் நிலத்தடிக் கால்வாய்கள் கட்டப்பட்டுக் கழிவு கடலுக்கே விடப்பட்டது. கணக்கின் செலவுப்பக்கம் மட்டும் எழுதப்பட்டு வரவுப்பக்கம் வெறுமையாய் விடப்பட்டது என்னும் அவர் குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. வயலினின்று போகும் பாஸ்பரஸ் ஆற்றிலும் ஏரியிலும் சேர்ந்து பாசி பிடிக்க, நாமோ புதிய பாஸ்பரஸைச் சுரங்கத்திலிருந்து வெட்டிக்கொண்டிருக்கின்றோம்.

அவர் கொள்கை பலித்த விதத்தைச் சுருங்கச் சொல்லுவோம். 1861-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஸ்டாஸ்பர்ட் என்னுமிடத்திற் பொட்டாஷ் உரத்தொழில் தொடங்கியது. அதுவரை அகழ்ந்து வீசப்பட்ட கசப்புப்பு உழவர் கைப்பொருளாயிற்று. நைட்டிரஜன் சிக்கலை இருவகையாகத் தீர்த்தனர். பயறு, அவரை வகைகளின் வேர்முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து அச்சத்தைப் பிடித்துத் தருகின்றன என்பதை ஹெல்ரீகல் என்பார் 1886-இல் வெளிப்படுத்தினார். காற்றிலிருந்தே அம்மோனியா செய்யும் வழியை ஹேபர் என்பார் 1909-இல் ஆராய்ச்சிசாலையிற் காட்ட, பாஷ் என்பார் அதனை ஆலைத்தொழிலாக்கி 1913-இல் ஓப்பாவில் நடத்திக் காட்டினார். இன்று உலக மக்களிற் பாதிப்பேருக்கு உணவு இவ்வழியாற் பெற்ற நைட்டிரஜனைக்கொண்டே விளைகின்றது என்பது ஆராய்ச்சியாளர் மதிப்பு. பிற்காலத்து ஜெர்மானியப் பேரரசின் எல்லைக்குட்பட்ட நிலத்தில் 1816-இல் ஏறக்குறைய 2.5 கோடி மக்கள் வாழ்ந்தனர். 1910-இல் அத்தொகை 6.5 கோடியாயிற்று. அந்நிய தானியம் ஓரளவு இறக்குமதியானதும் உண்மையே.

நம் நாட்டிற்கும் இவ்வலை வந்து சேர்ந்தது. கோயமுத்தூரில் 1909-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நீடித்த எருச்சோதனை ராதம்ஸ்டெட் வழியைப் பின்பற்றியதே. உரத்தை மிகுத்தால் நெடுந்தாட் பயிர் கதிர்ப்பாரம் தாங்காது சாய்ந்துவிடும் என்பது நெடுநாளைய இடையூறு. 1966-ஆம் ஆண்டையொட்டி வந்த குட்டைக் கோதுமையும் ஐ.ஆர்.8 என்னும் குட்டை நெல்லும் அதனை நீக்கின. அவ்விதைகளை நம் நாட்டிற் பரப்பியவர்களுள் அந்நாளைய உணவு மந்திரி சி. சுப்பிரமணியமும், கும்பகோணத்திற் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதனும் தலைநின்றோர். விதை புதிது, அதன் வாயில் ஊட்டப்பட்டது லீபிக் கணக்கிட்ட சத்தே. அளவறியாது நைட்டிரஜனைக் கொட்டுவதனால் கிணற்றுநீர் கெடுவதும், மக்கில்லாமல் மண் இறுகுவதும் பிற்காலத்து அனுபவங்கள். மக்கைப் பயிருணவன்று என்று தள்ளிய லீபிக், மண்ணின் உயிரோட்டத்திற்கு அது வேண்டும் என்பதைப் போதியவளவு வற்புறுத்தாமற் போனார் என்று இன்றைய நிபுணர் குறை கூறுவதிலும் நியாயமுண்டு.

லீபிக் 1873-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ஆம் தேதி மியூனிச் நகரில் தமது எழுபதாம் ஆண்டு நிறையச் சில வாரங்களே இருக்க உயிர் நீத்தார். அந்நகரத்துப் பழைய தென்மயானத்தில் அடக்கமாயினார். அவர் ஆசிரியராயிருந்த கீஸன் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பழைய காவற்கூடத்து ஆராய்ச்சிசாலை 1920 முதல் பொருட்காட்சிசாலையாக இருந்து வருகின்றது. லாஸ் 1900-ஆம் ஆண்டிலும் கில்பர்ட் 1901-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். பிராட்பாக் வயலில் மட்டும் சோதனை இன்னும் நிற்கவில்லை. 1843-ஆம் ஆண்டு முதல் ஒன்றும் இடப்பெறாத அப்பட்டையில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய ஒரு டன் கோதுமையே விளைகின்றது. சத்தனைத்தும் பெறும் பக்கத்துப் பட்டைகளில் அதைப்போற் பன்மடங்கு.